நிலவியல் படித்தவர் காப்புரிமைத் துறைக்குள் நுழைவது எப்படி

காப்புரிமை நிறுவனங்களின் வேலைவாய்ப்பு அறிவிப்புகளைத் தேடிப் படிக்கும் நிலவியல் பட்டதாரி முதலில் சோர்ந்துதான் போவார். மின்னணுவியல், கணினி அறிவியல், இயந்திரவியல், வேதியியல், உயிரித் தொழில்நுட்பம் என்று பட்டங்களை வரிசையாகக் கேட்டிருப்பார்கள். நிலவியலுக்கு அந்த வரிசையில் அரிதாகவே இடம் இருக்கும். சட்டம் இந்தப் பட்டத்தை ஒதுக்கவில்லை. வேலை கொடுப்பவர்களுக்குத்தான் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆகவே இத்துறைக்கு வர விரும்பும் நிலவியலாளர், தம் படிப்பு பாறையோடு நின்றுவிடாமல், பாறையைத் தொடும் கருவிகளையும் செய்முறைகளையும் புரிந்துகொள்ளத் தம்மைத் தயார்படுத்தியிருக்கிறது என்பதைக் காட்டியாக வேண்டும். அதற்கான வழிமுறைகளை இந்தியச் சூழலை அடிப்படையாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் தகுதி. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, காப்புரிமை முகவராக, அதாவது பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பம் தயாரித்துக் காப்புரிமை அலுவலகத்தில் நடத்துபவராக, பதிவு செய்ய விரும்புபவர் இந்தியக் குடிமகனாகவும் 21 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும்; அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருக்க வேண்டும்; அதற்கென நடத்தப்படும் தகுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். எந்த அறிவியல் என்று சட்டம் பிரித்துச் சொல்லவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியிலோ, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலோ, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலோ நிலவியலில் அறிவியல் பட்டம் பெற்ற ஒருவர், வேதியியல் படித்தவருக்கு எந்த வகையிலும் குறையாத தகுதியோடு இத்தேர்வை எழுதலாம். சட்டப் படிப்பும் இதற்குத் தேவையில்லை.

தேர்வில் தலா 100 மதிப்பெண் கொண்ட இரண்டு தாள்களும் 50 மதிப்பெண் கொண்ட நேர்முகமும் உண்டு. முதல் தாள் சட்டத்தையும் 2003-ஆம் ஆண்டின் விதிகளையும் பற்றியது. இரண்டாம் தாள் விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணம்) எழுதுவதையும் அதற்குப் பொருள் காண்பதையும் சோதிக்கிறது. ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 50 மதிப்பெண்ணும், மொத்தத்தில் 60 விழுக்காடும் பெற வேண்டும். தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை என்பதால், அறிவிப்பு வந்த பிறகு படிக்கத் தொடங்குபவர்களுக்கு நேரம் போதுவதில்லை. முதல் தாளைப் பாடம் போலப் படித்து முடித்துவிடலாம்; இரண்டாம் தாளுக்குக் கை பழக வேண்டும். விண்ணப்ப ஆவணங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தாக்கல் செய்ய முடியும் என்பதால், நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் உரிமைக்கோரல் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் பகுதி) எழுதும் பயிற்சியை வெகு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. உரிமைக்கோரல் என்று நூல்களில் இருந்தாலும் அலுவலகங்களில் எல்லாரும் கிளெய்ம் என்றே சொல்வதால், இனி அச்சொல்லையே பயன்படுத்துகிறேன்.

கல்லுக்குக் காப்புரிமை கிடையாது

நிலவியலாளர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது சட்டத்தின் 3(சி) பிரிவு. இயற்கையில் கிடைக்கும் உயிரற்ற பொருளைக் கண்டறிவது அச்சட்டத்தின் பொருளில் கண்டுபிடிப்பு ஆகாது. புதிய கனிமத்தைக் கண்டவருக்கு ஆய்விதழில் பெயர் கிடைக்கும், காப்புரிமை கிடைக்காது. களத்தில் பொருளைக் கண்டறிவதையே பெருமையாகக் கருதிப் பழகிய நமக்கு இது சற்றுக் கசப்பாக இருக்கலாம். ஆனால் இந்தத் துறையில் நமக்கான வேலை இந்தக் கோட்டைத் தாண்டிய இடத்தில்தான் தொடங்குகிறது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறையை எடுத்துக்கொள்வோம். நிலவின் மேட்டுநிலப் பாறைகளோடு இது ஒத்திருக்கிறது என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. சந்திரயான் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ இப்பாறையிலிருந்து அதைத் தயாரித்தது. பெரியார் பல்கலைக்கழகத்தையும் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தையும் சேர்ந்தவர்களும் கண்டுபிடிப்பாளர்களாக இடம்பெற்ற அந்த விண்ணப்பம் 2014-இல் தாக்கலாகி, 2020 மே மாதம் காப்புரிமை பெற்றது. நிலவின் மேட்டுநில மண்ணுக்கு ஒப்பான மண்ணைத் தயாரிக்கும் முறைக்கே அந்த உரிமை வழங்கப்பட்டது. பாறை யாருக்கும் உரியதாகிவிடவில்லை. அதே பாறையைப் பற்றிய ஆய்வேட்டையும் இந்தக் காப்புரிமை ஆவணத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு, இரண்டு எழுத்து வகைகளுக்கும் உள்ள வேறுபாடு ஒரே மாலையில் விளங்கிவிடும்.

பழைய எடுத்துக்காட்டுகளும் இதையே காட்டுகின்றன. கான்ராட் ஷ்லும்பெர்ஜர் 1912-இல் பிரான்சில் காப்புரிமை கோரியது, நிலத்துக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி அடிநிலத்தின் தன்மையை அறியும் செய்முறைக்கு. பாறைகளின் மின்தடை வேறுபடுகிறது என்ற உண்மைக்கு அவர் உரிமை கேட்கவில்லை. 1927 செப்டம்பர் 5 அன்று அல்சாஸ் பகுதியின் பெஷெல்பிரான் எண்ணெய் வயலில் எடுக்கப்பட்ட முதல் மின் பதிவு (கிணற்றின் ஆழந்தோறும் மின்தடையை அளந்த பதிவு) அந்த வழியில் வந்ததே. நம் காலத்துக்கு வந்தால், வெஸ்டர்ன்ஜெக்கோ நிறுவனத்துக்கும் அயான் ஜியோபிசிக்கல் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கைச் சொல்லலாம். கடலில் கப்பலுக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் இழுத்துச் செல்லப்படும் நில அதிர்வு உணர்வி வடங்கள் நீரோட்டத்தில் ஒன்றோடொன்று சிக்காமல் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தும் தொழில்நுட்பம்தான் அங்கே சண்டைக்குரிய சொத்து. ஜூரி 125 இலட்சம் டாலரை உரிமத் தொகையாகவும் 934 இலட்சம் டாலரை இழந்த இலாபத்துக்கான ஈடாகவும் விதித்தது. வெளிநாட்டில் இழந்த இலாபத்தையும் கேட்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதே காப்புரிமைகளின் சில கிளெய்ம்கள் மறுஆய்வில் விழுந்ததும் அந்தக் கதையின் ஒரு பகுதிதான். கடலடிப் பாறையைப் பற்றி அந்தக் கிளெய்ம்கள் எதையும் உரிமை கொண்டாடவில்லை; வடத்தை நேராக வைத்திருப்பதற்காகத்தான் இத்தனை பணம் கைமாறக் காத்திருந்தது.

எந்த வகுப்பில் போய் நிற்பது

உலகக் காப்புரிமை ஆவணங்கள் அனைத்தும் பன்னாட்டு வகைப்பாட்டின்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. நிலவியலாளர் தம் அறிவை இந்த வகுப்புகளின் மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டால், வேலை கொடுப்பவருக்கு அவருடைய பயன் உடனே விளங்கும். துளையிடுதலும் எண்ணெய், எரிவாயு, நீர் எடுத்தலும் ஈ21பி வகுப்பில் இருக்கின்றன; புவி இயற்பியல் அளவீடுகள் ஜி01வி-யில்; சுரங்கமும் கல்குவாரியும் ஈ21சி-யில்; தாதுவிலிருந்து உலோகம் பிரித்தல் சி22பி-யில்; துளையிடும்போது பயன்படும் சேறு முதலிய கலவைகள் சி09கே 8-இல்; அடித்தளமும் மண் உறுதிப்படுத்தலும் ஈ02டி-யில்; நீர் சுத்திகரிப்பு சி02எஃப்-இல். முதுகலையில் நீங்கள் எதை எடுத்துப் படித்தீர்களோ அதற்கு அருகிலுள்ள இரண்டு வகுப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஐம்பது ஆவணங்களை முழுமையாகப் படியுங்கள். எல்லா வகுப்புகளையும் மேய்வதால் பயனில்லை. தற்குறிப்பில் ‘நிலத்தடி நீரியலில் ஆர்வம்’ என்று எழுதுபவரைவிட, ‘ஈ21பி, ஜி01வி வகுப்புகளில் தேடலும் பகுப்பாய்வும் செய்திருக்கிறேன்’ என்று எழுதுபவரைத்தான் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

இதோடு பக்கத்துத் துறை ஒன்றையும் ஓரளவு கற்றுக்கொள்வது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன். தாதுவியல் படித்தவருக்கு வேதியியலும், புவி இயற்பியல் படித்தவருக்குச் சமிக்ஞைப் பகுப்பாய்வும், பொறியியல் நிலவியல் படித்தவருக்கு இயந்திர வரைபடம் வாசிக்கும் திறனும் துணை நிற்கும். நிலவியலுக்கே உரிய விண்ணப்பங்கள் மட்டும் ஒருவருக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கும் அளவுக்கு நம் ஊர் நிறுவனங்களுக்கு வருவதில்லை. எஞ்சிய நாட்களில் பம்பும், வால்வும், சிமெண்டும், வடிகட்டியும்தான் மேசைக்கு வரும்.

ஒரு கிளெய்ம் உருவாகும் விதம்

நிலவியல் அறிவு உண்மையாகக் கைகொடுக்கும் இடம், கண்டுபிடிப்பாளரோடு உட்கார்ந்து பேசும் முதல் ஒரு மணி நேரம். போர்வெல் தொழிலில் இருக்கும் ஒருவர் கேசிங் குழாயின் அடியில் மாட்டும் ரப்பர் உறை ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலே தேங்கும் கெட்ட நீர் குழாய்க்கு வெளியே வழிந்து கிணற்றுக்குள் இறங்குவதை அது தடுக்கிறது என்கிறார். அவரைப் பொறுத்தவரை புதுமை ரப்பரில் இருக்கிறது. அவர் சொன்னபடியே எழுதினால் முதல் வரைவு இப்படித்தான் அமையும்: ‘ஆழ்துளைக் கிணற்றில் மேல்நீர் இறங்காமல் தடுக்கும் ரப்பர் உறை’. இதைக் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் பத்து நிமிடத்தில் தள்ளிவிடுவார், ஏனெனில் துளைக்குள் வீங்கி அடைக்கும் ரப்பர் அடைப்பான்கள் ஈ21பி வகுப்பில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

நிலவியல் படித்தவர் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, உறை எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பது. மக்கிய பாறை முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் இடம் வரை அகலமாகத் துளையிட்டுக் கேசிங் இறக்கிவிட்டு, அதற்குக் கீழே சிறிய விட்டத்தில் துளையைத் தொடர்வதுதான் நம் கடினப் பாறைப் பகுதிகளின் வழக்கம். ஆகவே அந்த எல்லையில் துளைக்குள் ஒரு படி உருவாகிறது. கண்டுபிடிப்பாளரின் உறை நன்றாக அடைப்பதற்குக் காரணம் ரப்பரின் தரம் அன்று, உறையின் கீழ்விளிம்பு அந்தப் படியின்மேல் அழுந்துவதுதான் என்பது இந்தக் கேள்வியில் தெரிய வரலாம். தெரிந்த பிறகு வரைவு மாறுகிறது: ‘ஆழ்துளைக் கிணற்றின் கேசிங் குழாயின் அடிமுனையில் பொருத்தப்படும் அடைப்பான், அது குழாயைச் சுற்றி அமையும் மீள்தன்மையுள்ள உறையையும், அவ்வுறையின் கீழ்விளிம்பில் வெளிப்புறமாகச் சரிந்த உதட்டையும் கொண்டது, துளையின் விட்டம் குறையும் படியின்மீது குழாயின் எடை இறங்கும்போது அவ்வுதடு படியின் மேற்பரப்பில் அழுந்தி விரியுமாறு அமைக்கப்பட்டது.’ இதற்குக் கீழே உதட்டின் சரிவுக் கோணம், உறையின் கடினத்தன்மை ஆகியவற்றைச் சார்பு கிளெய்ம்களில், அதாவது இதைச் சார்ந்து வரும் துணைக் கிளெய்ம்களில், சேர்க்கலாம்.

இந்த வரைவில் பாறையின் பெயரே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘கடினப் பாறை’ என்று எழுதியிருந்தால் எது கடினம் என்ற கேள்வி எழும். ‘சார்னோக்கைட்’ என்று எழுதியிருந்தால் கிரானைட்டில் பயன்படுத்தும் போட்டியாளர் தப்பித்துக்கொள்வார். சென்னைக் காப்புரிமை அலுவலகம் இருக்கும் கிண்டியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் சிறிது தொலைவு போனால் பரங்கிமலையும் பல்லாவரமும், சார்னோக்கைட் பாறை முதலில் விவரிக்கப்பட்ட அந்த இடங்களே, வந்துவிடும். அந்தப் பாறையை எவ்வளவு நேசித்தாலும் கிளெய்முக்குள் கொண்டுவர வேண்டாம். பாறையின் தன்மை இன்றியமையாததாக இருந்தால் அமுக்க வலிமை, துளைமை போன்று அளக்கத்தக்க எண்ணாகக் கொடுங்கள். பாறையின் பெயர் விளக்கப் பகுதியில் எடுத்துக்காட்டாக இருந்தால் போதும். ‘பெரும்பாலும்’, ‘அநேகமாக’ என்று களக் குறிப்பேட்டில் எழுதிப் பழகிய கைக்கு இந்தக் கட்டுப்பாடு பழகச் சில மாதங்கள் ஆகும். ஆனால் கண்டதையும் ஊகித்ததையும் தனித்தனியே எழுதும் அதே குறிப்பேட்டுப் பழக்கம் விவரக்குறிப்புக்கு நேரடியாக உதவுகிறது. வேதியியல் படித்த நண்பர்கள் பலருக்கு இது நம்மைப் போல எளிதில் வருவதில்லை.

மென்பொருள் மறுப்பைச் சமாளித்தல்

நில அதிர்வுத் தரவு, மின்தடை அளவீடு, தொலையுணர்வுப் படம் ஆகியவற்றைக் கையாளும் விண்ணப்பங்களுக்குக் காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆய்வறிக்கையில் 3(கே) பிரிவின்கீழ் மறுப்பு வருவது ஏறக்குறைய உறுதி. கணித முறைக்கும், வெறும் கணினி நிரலுக்கும், அல்காரிதம் எனப்படும் கணக்கீட்டுப் படிமுறைகளுக்கும் காப்புரிமை இல்லை என்கிறது அந்தப் பிரிவு. வரைபடமாகக் காட்டுவது மட்டுமே புதுமை என்றால், தகவலைக் காட்சிப்படுத்துதல் என்று 3(என்) பிரிவும் குறுக்கே வரும். 2019-இல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தொழில்நுட்ப விளைவைப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்திய பிறகு, வாதிட இடம் விரிந்திருக்கிறது. ஆனால் அந்த விளைவு என்ன என்பதைச் சொல்ல யாராவது களத்தை அறிந்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மின்தடை அளவீடுகளிலிருந்து நிலத்தடி அடுக்குகளைக் கணிக்கும் புதிய முறை என்று மட்டும் எழுதினால் அது கணக்காகவே படிக்கப்படும். இரைச்சல் மிகுந்த அளவீட்டை உணர்ந்தவுடன் கருவி தானாகவே மின்முனைகளை மாற்றி இணைத்து அதே புள்ளியை மீண்டும் அளக்கிறது, அதனால் களப்பணியாளர் வடத்தைச் சுருட்டி மறுபடி விரிக்கத் தேவையில்லை என்று எழுதினால், இயந்திரத்தின் நடத்தை மாறுகிறது. வெயிலில் வடம் விரித்து முனை அடித்தவருக்கு இந்த வேறுபாட்டின் மதிப்பு தெரியும். பதில் அளிக்க ஆறு மாதமும், கேட்டால் மேலும் மூன்று மாதமும் கிடைக்கும். ஆனால் விளைவைப் பற்றிய விவரம் முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் இல்லாவிட்டால் பின்னர் புகுத்த இயலாது. ஆகவே இந்த உரையாடலைத் தாக்கலுக்கு முன்பே நடத்திவிட வேண்டும்.

தேடலில் நம் கை ஓங்கும்

முன்பே அறியப்பட்ட தொழில்நுட்பத்தைத் தேடுவதற்கு எல்லாரும் இன்பாஸ், எஸ்பாஸ்நெட், பேடன்ட்ஸ்கோப் தளங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் நிலத்தோடு தொடர்புடைய செய்முறைகள் பலவும் காப்புரிமை ஆவணங்களுக்கு வெளியே கிடக்கின்றன. 1851-இல் தொடங்கப்பட்ட இந்திய நிலவியல் ஆய்வு மையத்தின் அறிக்கைகள், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மாவட்டக் கையேடுகள், எண்ணெய்ப் பொறியாளர் சங்கத்தின் கருத்தரங்கக் கட்டுரைகள், பழைய சுரங்கக் கையேடுகள் ஆகியவற்றில் எதைத் தேடுவது என்று தெரிந்தவர் நிலவியலாளரே. போட்டியாளரின் விண்ணப்பத்தை 25-ஆம் பிரிவின்கீழ் எதிர்க்க வேண்டிய வேளையில் இத்திறனுக்கு நல்ல மதிப்பு உண்டு.

இந்தத் தேடல் நமக்கு எதிராகவும் திரும்பும். ஆய்வு மாணவர்கள் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் எல்லாரும் படிக்கத்தக்க சோத்கங்கா இணையதளத்தில் ஏற்றிய பிறகு காப்புரிமை கேட்டு வருவது வாடிக்கை. அதற்குள் புதுமை போயிருக்கும். களச் சோதனையில் சிறிது நெகிழ்வு உண்டு. ஒரு கண்டுபிடிப்பைப் பொதுவெளியில் அல்லாமல் சோதிக்க வழியில்லை என்றால், நியாயமான சோதனைக்காக மட்டும், தாக்கலுக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்த பொதுப் பயன்பாடு புதுமையைக் கெடுக்காது என்று 32-ஆம் பிரிவு சொல்கிறது. ஊர்நடுவே துளையிட்டுத்தான் பார்க்க முடியும் என்ற நிலையில் இருக்கும் நம் கண்டுபிடிப்பாளர்களுக்கு இது மிகவும் பயன்படும். சோதனை நடந்த நாள், இடம், உடனிருந்தவர்கள், அதன் நோக்கம் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

வேறு சில எச்சரிக்கைகளும் இங்கே பொருந்தும். சுரங்க மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரியைக் கொண்டு தாதுவைக் கரைக்கும் முறை என்றால், அவ்வுயிரியின் மூலத்தையும் கிடைத்த இடத்தையும் விவரக்குறிப்பில் சொல்ல வேண்டும். சென்னையில் தலைமையகம் கொண்ட தேசிய பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையையும் காப்புரிமை வழங்கப்படும் முன் முடிக்க வேண்டும். மணவாளக்குறிச்சி மணலில் இருப்பது போன்ற மோனசைட், தோரியம், யுரேனியம் தொடர்பான செய்முறை என்றால், நெடுங்காலமாக 4-ஆம் பிரிவு தடையாக இருந்து வந்திருக்கிறது. அணுசக்திச் சட்டங்கள் திருத்தப்பட்டு வரும் காலம் இது என்பதால் நடப்பு வாசகத்தைப் பார்க்காமல் யாருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வு செய்யும் இந்திய வாசி முதலில் அங்கே தாக்கல் செய்ய விரும்பினால், 39-ஆம் பிரிவின்படி முன் அனுமதி பெற வேண்டும்; அல்லது இங்கே தாக்கல் செய்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும்.

வேலை தேடுவது

தேர்வு முடிவு வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சென்னை, பெங்களூரு, புனே, டெல்லி சுற்றுவட்டாரங்களில் உள்ள காப்புரிமைத் தேடல் நிறுவனங்கள் முகவர் பதிவு இல்லாதவர்களையும் எடுத்துக்கொள்கின்றன. நேர்காணலுக்குப் போகும்போது இரண்டு தாள்களைக் கையில் கொண்டு போங்கள். ஒன்று, காலாவதியான ஒரு துளையிடு கருவிக் காப்புரிமையை எடுத்து, அதன் முதல் கிளெய்மை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பும் எந்தப் பழைய ஆவணத்தில் இருக்கிறது என்று காட்டும் அட்டவணை. மற்றொன்று, வீட்டில் இருக்கும் ஏதேனும் எளிய பொருளுக்கு நீங்களே எழுதிய விவரக்குறிப்பு. நிலவியல் சுத்தியலுக்கே எழுதலாம். ஆனால் அதை வைத்து ஒருவர் கேட்கும் முதல் கேள்வி, உளியிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பதாக இருக்கும் என்பதால் விடையோடு போக வேண்டும்.

அரசுத் துறையில் காப்புரிமை ஆய்வாளர் பதவிக்கான அறிவிக்கைகள் பாடவாரியாக வெளியாகின்றன. நிலவியல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டணம் செலுத்துங்கள். ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், பள்ளிக்கரணையின் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் போன்ற ஆய்வு நிறுவனங்களும், ஓ.என்.ஜி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்களும், எண்ணெய்ச் சேவை நிறுவனங்களும் கண்டுபிடிப்புகளை உருவாக்குகின்றன. அங்கிருந்து வரும் கோப்புகளை யார் கையாள்கிறார்கள் என்பதை வெளியான விண்ணப்பங்களின் ஆவணங்களிலிருந்தே அறியலாம். முகவரின் பெயரும் முகவரியும் அங்கே இருக்கும். கண்ணில் பட்ட நிறுவனங்களுக்கெல்லாம் அனுப்புவதைவிட, அந்த முகவர்களுக்கு அனுப்பிய பத்துக் கடிதங்கள் பலன் தரும்.

காப்புரிமை முகவர், காப்புரிமை அலுவலகத்தின் கட்டுப்பாட்டாளர் முன்பு வாதிடலாம். உயர் நீதிமன்றத்தில் வாதிட முடியாது. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டு மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றங்களுக்கே போவதால், மூன்றாண்டுச் சட்டப் படிப்பைச் சேர்த்துக்கொள்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் முதல் மூன்று நான்கு ஆண்டுகள் விவரக்குறிப்பு எழுதிவிட்டு அப்படிப்புக்குப் போவதே மேல் என்பது என் எண்ணம். போகும் முன், வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டவர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்ற பார் கவுன்சில் விதியைத் தம் நிறுவனத்தோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். முகவர் பதிவுக்கு அந்தத் தடை இல்லை.